199ஆம் வரி

மூன்று டிஸ்க்குகளைக் கழற்றி ஓரமாக அடுக்கிய பிறகுதான் கேபிளைப் பார்க்கத் தோன்றியது.

சேமிப்புச் சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்து அப்போது எனக்கு இரண்டு வருடம்கூட முடியவில்லை. ஒரு சர்வரில் நான்காவது இடத்தில் இருந்த ஹார்டு டிஸ்க் அவ்வப்போது காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடும். திடீரென்று பட்டியலிலிருந்து மறையும். சர்வரை அணைத்துப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நிற்கும். டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றினேன். ஒரு வாரத்தில் புது டிஸ்க்கும் அதையே செய்தது. அதையும் மாற்றினேன். மூன்றாவதும் மறைந்த அன்று, எங்கள் குழுவில் மூத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கழற்றி வைத்ததை ஒவ்வொன்றாக வேறு கணினியில் மாட்டி ஸ்மார்ட் பட்டியலைத் திறக்கச் சொன்னார்.

“அஞ்சாவது வரியில என்னம்மா இருக்கு?”

“சைபர்ண்ணே.”

“நூத்தித் தொண்ணூத்தேழு?”

“அதுவும் சைபர்.”

“நூத்தித் தொண்ணூத்தொம்பது?”

மூன்றாவது டிஸ்க்கில் அந்த வரிக்கு நேரே 4,812 என்று இருந்தது. மற்ற இரண்டிலும் ஆயிரத்துக்கு மேல். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. சர்வரைத் திறந்தார், அந்த இடத்துக்குப் போகும் கேபிளை உருவினார், அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். அதன் பிறகு அந்த நான்காவது இடம் எங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததே இல்லை.

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஏடு. 5ஆம் வரி, கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக எத்தனை மாற்று இடங்களை எடுத்துக்கொண்டது என்ற கணக்கு. 197, சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் இடங்களின் கணக்கு. இரண்டும் உள்ளே சுழலும் தட்டின் நிலையைச் சொல்கின்றன. 199க்கும் தட்டுக்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்க்குக்கும் அதை இயக்கும் மின்சுற்றான கன்ட்ரோலருக்கும் நடுவே கம்பியில் போகும்போது தகவல் சிதைந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண் கூடவே போகும். அந்த எண் எத்தனை முறை ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் 199 எண்ணுகிறது. மற்ற இரண்டும் சும்மா இருந்து இது மட்டும் ஏறினால், முதலில் கை போக வேண்டிய இடம் கேபிளும் கனெக்டரும்.

அன்றிலிருந்து டிஸ்க்கைவிட டிஸ்க்கைத் தொடும் பொருள்கள்மேல்தான் என் கவனம் போயிற்று. கனெக்டர், டிஸ்க்கை ஏந்தும் ட்ரே, டிஸ்க்குகள் வந்து செருகும் பின்பலகையான பேக்பிளேன், அதிர்வைத் தாங்கும் ரப்பர். பழைய காப்புரிமை ஆவணங்களைப் படிக்கும் பழக்கமும் அப்போது பிடித்துக்கொண்டதுதான். இரவுப் பணியில் எச்சரிக்கை எதுவும் வராத மணிகளில் அவைதான் எனக்குத் துணை. டிஸ்க்கை இணைப்பது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை என்று நான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க அந்தப் பிரிவு கரைந்துபோனது. தகவலைக் காப்பாற்றியவர்களில் பெரும்பங்கு, ஒரு பொருளை இன்னொன்றோடு எப்படிச் சேர்ப்பது என்று பொறுமையாக யோசித்தவர்கள்.

1980இல் சீகேட் கொண்டுவந்த எஸ்டி-506 டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 5.25 அங்குலம், 5 மெகாபைட். அதற்கு இரண்டு பட்டைக் கேபிள்கள்: கட்டளைகளுக்கு 34 முனை, தகவலுக்கு 20 முனை. தட்டில் தகவலைப் படித்து எழுதும் முனைக்கு ஹெட் என்று பெயர். ஹெட் படித்த துடிப்புகளை டிஸ்க் கிட்டத்தட்ட அப்படியே கேபிளில் அனுப்பிவிடும். அந்தத் துடிப்புகளில் எது 0, எது 1 என்று பிரித்தெடுப்பது கணினிக்குள் இருக்கும் தனி கன்ட்ரோலர் அட்டையின் பொறுப்பு. டிஸ்க்கை வேறு அட்டையோடு சேர்த்தால் பழைய தகவலைப் படிக்க முடியாமல் போவது சாதாரணமாக நடந்தது. மென்மையான சமிக்ஞை, நீளமான வழி, மறுமுனையில் வேறொருவர் செய்த காது.

1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் காம்பாக்கும் சேர்ந்து அந்தக் கன்ட்ரோலரைத் தூக்கி டிஸ்க்கின் மேலேயே வைத்தன. ஐடிஇ என்று நாம் சொல்வது அதைத்தான். செலவு குறையும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று பலரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஹெட்டிலிருந்து வரும் பலவீனமான சமிக்ஞை இனி வெளியே பயணம் போக வேண்டியதில்லை. சில அங்குலத்துக்குள் அது தெளிந்த எண்ணாக மாறிவிடுகிறது, கேபிளில் போவது அந்த எண் மட்டும். இணைப்பு மாறியதும் காப்பு தானாக வந்து சேர்ந்தது.

அந்த 40 முனைப் பட்டைக் கேபிள் பலருக்கு நினைவிருக்கும். ஓரத்தில் சிவப்புக் கோடு முதல் கம்பியைக் காட்டும். 20ஆம் முனை இருக்க வேண்டிய இடம் அடைக்கப்பட்டிருக்கும், தலைகீழாகச் செருக முடியாதபடி. வேகம் விநாடிக்கு 33 மெகாபைட்டைத் தொட்டபோதுதான் நான் மேலே சொன்ன சரிபார்ப்பு எண் இந்த வகை டிஸ்க்குகளுக்கு வந்தது. அதற்கு முன்? கம்பியில் ஒரு பிட் புரண்டால், புரண்ட பிட்டையே டிஸ்க் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்து 66 மெகாபைட். அங்கே பட்டைக் கேபிள் தடுமாறியது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கம்பிகளில் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கசியும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. கனெக்டரில் கை வைக்கவில்லை. அதே 40 முனை. கேபிளில் மட்டும் 80 கம்பி. கூடுதலாக வந்த 40 கம்பிகளும் எந்தத் தகவலையும் சுமப்பதில்லை. ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு தரைக்கம்பியாகப் படுத்து, கசிவதை வாங்கிக்கொள்கின்றன. பழைய டிஸ்க்கும் இதில் ஓடும், புதியதும் ஓடும். தவறிப்போய்ப் பழைய 40 கம்பிக் கேபிளை மாட்டினால்? 80 கம்பிக் கேபிளின் தாய்ப்பலகை முனையில் 34ஆம் புள்ளி தரையோடு சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் கணினி கேபிளின் வகையை அறியும். தரை இல்லையென்றால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தான் யார் என்று கேபிளே சொல்லிவிடுகிறது. மாட்டுகிறவர் எதையும் நினைவில் வைக்க வேண்டாம்.

ஸ்கஸி என்ற இன்னொரு இணைப்பு முறையில் வேறு பாடம். ஒரே கம்பித்தொடரில் ஏழு சாதனம்வரை வரிசையாகத் தொங்கும், தொடரின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற மின்தடைத் தொகுதி வேண்டும். அது இல்லாவிட்டால் சமிக்ஞை கம்பியின் கடைசிவரை போய், கிணற்றுக்குள் கத்திய குரல் மாதிரி எதிரொலித்துத் திரும்பி வரும். அடுத்து வரும் சமிக்ஞையோடு மோதும். இதில் கொடுமை என்னவென்றால், குட்டையான கேபிளில் டெர்மினேட்டர் இல்லாமலும் பல நாள் ஓடும். இன்னொரு சாதனத்தைச் சேர்த்த அன்றுதான் கோளாறு தலைகாட்டும். பழி புதிதாய் வந்ததன் மேல் விழும்.

2003இல் ஐடிஇயின் இடத்துக்குச் சாட்டா என்ற இணைப்பு வந்தது. தகவல் கனெக்டரில் மொத்தம் ஏழே முனை. அதில் மூன்று தரை. மீதி நான்கும் இரண்டு ஜோடிகள், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. ஒரே சமிக்ஞையை நேராகவும் தலைகீழாகவும் ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் அனுப்புவார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியையும் ஒரே மாதிரிதான் தாக்கும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துபோகும். நாற்பது கம்பி பக்கத்துப் பக்கத்தில் ஓடிய இடத்தில் நான்கு கம்பி போதுமானதாயிற்று, வேகமும் கூடியது. முதலில் வந்த கேபிள்களில் பிடிக்கொக்கி இல்லை. சர்வருக்குள் வேறெதற்காகவோ கை நுழைத்தாலே நழுவிவிடும். பிறகு சிறிய உலோகக் கொக்கியோடு வந்தன. என் 4,812க்குக் காரணமான கேபிள் கொக்கி இல்லாத வகை.

சாட்டாவின் மின்கனெக்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பதினைந்து முனை. ஓடும் சர்வரில் டிஸ்க்கைச் செருகும்போது பேக்பிளேன் பக்கம் அவை எல்லாம் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. சில தரைமுனைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும், அவைதான் முதலில் தொடும். இரண்டாவதாக, ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் ஒரு முனை வீதம் தொடும். டிஸ்க்கில் இருக்கும் மின்தேக்கிகள் இதன் வழியாக மெதுவாக நிரம்பும். மூன்றாவதாகத்தான் முழு மின்சாரமும் பாயும் முனைகள். எல்லாம் ஒன்றாகத் தொட்டால் காலியாக இருக்கும் மின்தேக்கிகள் ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுக்கும், அதே பலகையில் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்து டிஸ்க்குகளுக்கு அழுத்தம் சரியும். உருவும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழாக நடக்கும், தரை கடைசியில் விடும். கை விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது என்று வையுங்கள். அரை மில்லிமீட்டரைக் கடக்க 2.5 மில்லிவிநாடி. நமக்கு அது ஒன்றுமே இல்லை. மின்சுற்றுக்கு ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்து முடிக்கும் அவகாசம். மென்பொருள் கிடையாது, உணரி கிடையாது. உலோகத் துண்டுகளின் நீளம்தான் முழுப் பாதுகாப்பும். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் பூதக்கண்ணாடியில் காட்டுவது இதைத்தான்.

நல்ல எண்ணத்தில் வந்த ஒரு மாற்றம் வேறிடத்தில் இடிப்பதும் உண்டு. அதே மின்கனெக்டரின் 3ஆம் முனை ஆரம்பத்தில் 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டது. டிஸ்க்குகள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்தியதே இல்லை. பின்னர் வந்த திருத்தத்தில் அதற்கு வேறு வேலை கொடுத்தார்கள்: அங்கே மின்னழுத்தம் வந்தால் டிஸ்க் அணைந்துவிட வேண்டும். நூற்றுக்கணக்கில் டிஸ்க் ஓடும் இடத்தில் உறைந்துபோன ஒன்றைத் தூரத்திலிருந்தே அணைத்துப் போட இது அருமையான வழி. ஆனால் பழைய மின்வழங்கிகள் அந்த முனையில் 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் ‘அணைந்திரு’ என்ற கட்டளையாக அதை எடுத்துக்கொண்டு சுழலாமலே கிடக்கும். ஒரு முழு மாலை அப்படி ஒரு டிஸ்க்கோடு போராடினேன். வேறொரு சர்வரில் உடனே ஓடியது, என் சோதனைக் கணினியில் மூச்சே இல்லை. கடைசியில் முதல் மூன்று முனைகளின் மேல் வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவை மெல்லியதாக வெட்டி ஒட்டினேன். சுழன்றது. ‘டிஸ்க் செத்துவிட்டது’ என்று எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்தேன்.

கம்பிகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன். மனிதக் கை செய்யும் தவறு இதைவிடப் பெரியது. அப்படி ஒன்றைச் செய்தவள் நான்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்துத் தகவலைக் காக்கும் ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க் போய்விட்டது என்று எச்சரிக்கை வந்தது. எண் 3. விடியற்காலை இரண்டரை மணி. இடமிருந்து எண்ணி மூன்றாவது ட்ரேயை உருவினேன். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, நான் ஒன்றிலிருந்து எண்ணினேன். உருவியது நல்ல டிஸ்க்.

ரெய்டு 5 தெரியாதவர்களுக்கு: நான்கு டிஸ்க்கில் தகவல் இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஐந்தாவதில் ஒரு பிட்டை எழுதுவார்கள். (அந்த ஐந்தாவது எந்த டிஸ்க் என்பது வரிசைக்கு வரிசை மாறும்.) 1, 0, 1, 1 என்றால் ஐந்தாவது 1. இப்போது நான்கில் எதை மறைத்தாலும் மற்றவற்றைக் கூட்டிப் பார்த்து மறைந்தது என்னவென்று சொல்லிவிடலாம். இரண்டை மறைத்தால் முடியாது. இந்த யோசனைக்கு ஐபிஎம்மின் நார்மன் கென் ஔச்சி 1978இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய கட்டுரைதான் இதற்கு ரெய்டு என்ற பெயரையும் வகைகளையும் கொடுத்தது. ஔச்சியின் ஆவணத்தை நான் படித்தது அந்த இரவுக்குச் சில மாதம் முன்னால். ஒன்று போனால் மீளலாம் என்று தலையில் இருந்தது. கையில் இருந்தது இரண்டாவது.

அமைப்பு நின்றுபோனது. நல்லவேளை, நின்றுபோனதால் எதுவும் எழுதப்படவில்லை. ட்ரே கையில் துடித்துக்கொண்டிருந்தது, உள்ளே தட்டுகள் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன. கை நடுங்கியபடி அதைச் சரிவுபடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், சுழற்சி அடங்கும்வரை. பிறகு மெதுவாகத் திரும்பச் செருகினேன். அண்ணனை எழுப்பினேன். அவர் திட்டவில்லை. “எதையும் அழுத்தாத. நான் வர்றேன்” என்றார். கன்ட்ரோலருக்கு அந்த டிஸ்க் நல்லதுதான் என்று கட்டாயமாகச் சொல்லி அமைப்பை எழுப்பி, முதலில் முழுவதையும் வேறிடத்துக்குப் படியெடுத்தோம். பதினொரு மணி நேரம். எல்லாம் வந்தது.

இந்தத் தவறு என் ஒருத்தியுடையது இல்லை என்பதைப் பின்னால் புரிந்துகொண்டேன். அதனால்தான் ஒவ்வொரு ட்ரேக்கும் தனி விளக்கும், ‘இதோ நான்’ என்று அதைக் கண் சிமிட்ட வைக்கும் கட்டளையும் வந்தன. ட்ரேயின் நெம்புகோலும் அதே கவலையில் பிறந்ததுதான். அதைத் திறந்தால் டிஸ்க் முதலில் ஒரு விரற்கடை மட்டும் வெளியே வந்து நிற்கும். மின்தொடர்பு அறுந்திருக்கும், தட்டு சுழன்றுகொண்டிருக்கும். அரை நிமிடம் காத்திருந்து பிறகு உருவ வேண்டும். நான் இப்போது விளக்கைச் சிமிட்ட வைத்து, ட்ரேயின் முகப்பில் ஒட்டிய வரிசை எண்ணைத் திரையோடு சத்தமாகப் படித்து ஒப்பிட்ட பிறகே நெம்புகோலைத் தொடுகிறேன். தனியாக இருந்தாலும் சத்தமாகத்தான்.

பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 5 போதாது என்பதும் என் உறுதியான கருத்து. சாதாரண டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில், 100 லட்சம் கோடி பிட் படித்தால் அதிகபட்சம் ஒருமுறை படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். ஒன்று போய், மீதியை முழுக்கப் படித்து மீட்டெடுக்கும்போது அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறோம். இரண்டு காப்பு டிஸ்க் வைக்கும் ரெய்டு 6ஐ விட்டு நான் இறங்குவதில்லை.

டிஸ்க்கின் உள்ளே இருக்கும் காப்புகளுக்கு வருகிறேன். 1956இல் வந்த ஐபிஎம்மின் ராமாக்தான் முதல் ஹார்டு டிஸ்க்: 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, மொத்தம் 50 லட்சம் எழுத்து. தட்டில் ஹெட் உரசாமல் இருக்க அழுத்தக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். பின்னர் ஹெட்டின் வடிவத்தை மாற்றி, தட்டு சுழலும்போது எழும் காற்றிலேயே அது மிதக்கும்படி செய்தார்கள். அறுபதுகளில் கழற்றி எடுத்துச் செல்லும் தட்டுக்கட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றில் ஒரு பயங்கரம் ஒளிந்திருந்தது. ஒரு கருவியில் ஹெட் மோதித் தட்டு கீறிவிட்டால், விஷயம் தெரியாமல் அந்தக் கட்டை அடுத்த கருவியில் மாட்டுவார்கள். கீறிய தட்டு அங்கே நல்ல ஹெட்டைக் கெடுக்கும். கெட்ட ஹெட் அடுத்த கட்டைக் கெடுக்கும். பழுது நோய் மாதிரித் தொற்றும். 1973இல் ஐபிஎம் 3340 இதற்கு முடிவு கட்டியது. கென்னத் ஹாட்டனின் குழு தட்டையும் ஹெட்டையும் சேர்த்து ஒரே பெட்டிக்குள் மூடிவிட்டது. வின்செஸ்டர் என்ற பெயர் அதனுடையது. எந்த ஹெட் எழுதியதோ அதே ஹெட் படிக்கும், வெளிக்காற்று நேராகப் படாது. இன்று நம் மேசையில் இருக்கும் ஒவ்வொரு சுழலும் டிஸ்க்கும் அந்தப் பெட்டியின் வழித்தோன்றல்தான்.

மூடிவிட்டார்கள், ஆனால் முழுக்க மூடவில்லை. பல டிஸ்க்குகளின் மேல் ஒரு சிறு துளையைப் பார்த்திருப்பீர்கள், மூடக்கூடாது என்ற எச்சரிக்கையோடு. உள்ளே காற்றழுத்தம் வெளியோடு சமமாக வேண்டும், தூசி மட்டும் போகக்கூடாது. துளைக்குப் பின்னால் ஒரு நுண்வடிகட்டி இருக்கும். உயரமான மலைமேல் காற்று மெலிந்து ஹெட் போதிய உயரத்தில் மிதக்காது. அதனால்தான் விவரக்குறிப்பில் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் வரை என்று எழுதியிருப்பார்கள். 2013இல் வந்த ஹீலியம் டிஸ்க்குகளில் அந்தத் துளையே கிடையாது. காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குகூட வராத ஹீலியத்தை நிரப்பி, கசியாமல் மூடிவிடுகிறார்கள். தட்டுகளை அலைக்கழிக்கும் காற்றுச் சுழல் குறைவதால் அதிகத் தட்டுகளை நெருக்கமாக அடுக்க முடிகிறது.

கரண்ட் போனால் ஹெட் என்ன ஆகும் என்று புதியவர்கள் எல்லாரும் கேட்பார்கள். பதில் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருவது. சுழலும் தட்டில் இன்னும் வேகம் மிச்சம் இருக்கிறது. மோட்டார் அந்த நொடியில் டைனமோவாக மாறுகிறது. தட்டின் சுழற்சியே உண்டாக்கும் அந்தக் கொஞ்ச மின்சாரத்தைக் கொண்டு ஹெட்டை ஓரத்தில் இருக்கும் சரிவுமேடைக்கு இழுத்து நிறுத்திவிடுவார்கள். ஆரம்பகாலக் கணினிகளில் அணைப்பதற்கு முன் ஹெட்டை ஒதுக்கி நிறுத்த நாமே ஒரு கட்டளை கொடுக்க வேண்டியிருந்தது. மறந்தால், அடுத்த முறை கணினியைத் தூக்கி வைக்கும்போது அது தகவல் இருக்கும் இடத்திலேயே உரசும். 2003இல் ஐபிஎம் தன் மடிக்கணினிகளில் கணினி விழுவதை உணரும் முடுக்கமானியையும் சேர்த்தது. 75 சென்டிமீட்டர் மேசையிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.39 விநாடி ஆகும். அதற்குள் ஹெட்டை ஒதுக்க முடிந்தால் போதும்.

டிஸ்க் அதிர்வுக்கு எவ்வளவு கூச்சப்படும் என்பதை 2008இல் சன் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஒரு காணொளியில் காட்டினார். ஓடும் டிஸ்க் அடுக்கின் முன் நின்று கத்துகிறார். பதில் தாமதம் திரையில் எகிறுகிறது. 2016இல் புகாரெஸ்டில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகைக்காகப் பீய்ச்சிய வாயுவின் சத்தமே டிஸ்க்குகளைப் பழுதாக்கியது. அதைப் படித்த பிறகு ட்ரேயில் இருக்கும் ரப்பர் வளையங்களை நான் ஒருபோதும் தூக்கிப் போடுவதில்லை.

இன்னொரு சிறு பொருளையும் சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்க்கும் ஒரு தம்பி, 12 வோல்ட் வெளி டிஸ்க்கில் மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டான். டிஸ்க் அசையவில்லை. அதில் அவன் அப்பாவின் குரல் பதிவுகள் இருந்தன. “அக்கா, போயிடுச்சாக்கா?” என்று கேட்டபடி பக்கத்திலேயே நின்றான். டிஸ்க்கின் பச்சைப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு டயோடு உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் அது தன்னைத்தானே குறுக்கிணைப்பாக்கிக்கொண்டு, வருவதையெல்லாம் தரைக்குத் திருப்பிவிடும். மீட்டரில் வைத்தேன், அது முழுக்கக் குறுக்கிணைந்து கிடந்தது. உயிரைக் கொடுத்து உள்ளிருப்பதைக் காப்பாற்றியிருந்தது. அதை மட்டும் கவனமாக எடுத்துவிட்டு, சரியான அடாப்டரோடு மாட்டினேன். சுழன்றது. காவல் இல்லாத டிஸ்க்கை அதன் பிறகு நம்பக்கூடாது. அன்று மாலையே எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, அதை ஓய்வுக்கு அனுப்பினோம். இப்படி டயோடு மட்டும் போயிருந்தால் அதிர்ஷ்டம். பலகையே எரிந்திருந்தால், அதே மாதிரிப் பலகையை மாற்றினாலும் பெரும்பாலும் ஓடாது. அந்த டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய எண்கள் பலகையில் ஒரு சிறு சிப்பில் இருக்கும், அதையும் பெயர்த்து வைக்க வேண்டும்.

சுழலும் தட்டே இல்லாமல் சிறு பலகையாக வரும் இன்றைய எம்.2 வகைச் சேமிப்பான்களின் வேகம் பிரமிக்க வைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு குட்டித் திருகாணியை நம்பி நிற்கும் அந்தப் பலகை எனக்கு ஒப்பவில்லை. ஓடும்போது மாற்றும் வசதி அதில் பொதுவாகக் கிடையாது, விளக்கும் நெம்புகோலும் கிடையாது. சர்வர்களுக்கென்று வந்திருக்கும் நீளமான வகைகளில் பூட்டும் பிடியும் திரும்ப வந்திருக்கின்றன. அவற்றைச் செருகும்போது கைக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது.

கழற்றி அடுக்கிய மூன்று டிஸ்க்குகளில் கடைசியானது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு அண்ணன் முறைப்படி அனுமதி வாங்கிக் கொடுத்தார். என் படங்களின் மூன்றாவது பிரதி அதில் இருக்கிறது. 199ஆம் வரியின் எண் ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது. கேபிள் செய்த பிழையை டிஸ்க் ஆயுள் முழுக்கச் சுமக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கொக்கி வைத்த கேபிளில் அதை மாட்டி அந்த வரியைப் பார்க்கிறேன். இந்த மாதமும் 4,812.